வாளை வீசிய பிறகு என்ன நடக்கிறது?

பழைய வாள்சண்டை வீடியோ கேம்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வாதம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: எது ரொம்பக் கஷ்டம்? ‘நின்ஜா கைடன்’ ஆட்டத்தின் ஆறாவது கட்டத்தைத் தாண்டியவர்கள் ஒரு கட்சி, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் இன்னொரு கட்சி. ஆனால் கஷ்டத்தை அளவுகோலாக வைத்தால் இந்த ஆட்டங்களின் அருமை பிடிபடாது. ஓர் ஆட்டத்தைக் கடினமாக்குவது பெரிய காரியமல்ல. எதிரிகளைக் கூட்டி, உயிர்களைக் குறைத்தால் முடிந்தது. வாள் வீச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் இருக்கும்படி செய்வதுதான் அரிது. வீச்சு தவறினால் என்ன இழப்பு? எதிரி அதைப் பார்த்து என்ன செய்கிறான்? அடுத்த அசைவுக்கு ஆடுபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான்.

இந்தக் கேள்விகளுக்கு மூன்றே ஆண்டுகளில் நான்கு விதமான பதில்கள் வந்தன. 1987 ஜனவரியில் நிண்டெண்டோவின் ‘ஜெல்டா 2’ ஜப்பானில் வெளியானது. 1988 டிசம்பரில் டெக்மோ நிறுவனத்தின் ‘நின்ஜா கைடன்’ அங்கேயே ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. 1989இல் கேப்காம் ‘ஸ்ட்ரைடர்’ ஆட்டத்தை ஆர்கேட் கூடங்களில் இறக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் 2 கணினிக்காக ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வெளிவந்தது. நான்கிலும் நாயகனைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். நான்கிலும் ஓட்டம், தாவல், கையில் வாள். ஆனால் நான்கு வாள்களும் ஒரே வாள் அல்ல.

‘ஸ்ட்ரைடர்’ நாயகன் ஹிர்யூவின் கையில் இருப்பது சைஃபர் என்ற ஒளி வாள். பட்டனைத் தட்டத் தட்ட அவன் முன்னால் பிறை போன்ற பெரிய வீச்சு மின்னிக்கொண்டே இருக்கும். சுவரில் தொற்றுகிறான், கூரையில் தொங்குகிறான், சரிவில் உருண்டோடுகிறான். முதல் கட்டத்தின் முடிவில் நாடாளுமன்ற மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, அரிவாளும் சுத்தியலும் ஏந்திய இயந்திரப் பாம்பாக மாறி அவன்மேல் பாய்வார்கள். அந்தக் காட்சிக்காகவே இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்கலாம். ஆனால் வாள் என்ற வகையில் அது எதையும் கேட்பதில்லை. தூரத்தைக் கணிக்க வேண்டாம், நேரம் பார்க்க வேண்டாம், விரல் வேகமாக இயங்கினால் போதும். ‘ஸ்ட்ரைடர்’ அற்புதமான சாகசப் படம். வாள்சண்டை அதில் அலங்காரம்.

‘நின்ஜா கைடன்’ தொடங்கும் விதமே தனி. நிலவொளியில் புல்வெளி. இரண்டு நின்ஜாக்கள் எதிரெதிரே ஓடிவந்து, ஒரே நேரத்தில் பாய்ந்து, காற்றில் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஒருவர் சாய்கிறார். விழுந்தவரின் மகன் ரியூ ஹயபூசா அவருடைய கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளம்புகிறான். வீட்டு டிவியில் ஆடும் ஆட்டம் திரைப்படம்போல் கதை சொல்ல முடியும் என்று காட்டிய ஆரம்ப முயற்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

ரியூவின் வாள் குட்டையானது, வீச்சு மின்னல் வேகம். இங்கே ஆபத்து எதிரியின் வாளில் இல்லை, இடத்தில் இருக்கிறது. அடிபட்டால் ரியூ பின்னால் தூக்கியெறியப்படுவான், பின்னால் பெரும்பாலும் பள்ளம் இருக்கும். கொன்ற எதிரியோ போய்த் தொலைவதில்லை. ஓரடி பின்வாங்கி அவன் தோன்றிய இடம் திரைக்கு வெளியே போய்த் திரும்பினால், அவனும் திரும்பி வந்துவிடுவான். அதனால் தயங்குபவரை இந்த ஆட்டம் தண்டிக்கும், முன்னேறிக்கொண்டே இருப்பவருக்கு வழிவிடும். எதிரியாகப் பறந்துவரும் பறவை எந்தக் கணத்தில் வரும் என்பது மனப்பாடமாகி, தாவலும் வெட்டும் ஒரே தாளத்தில் விழத் தொடங்கும்போது கிடைக்கும் இன்பம் உண்மையானது. ஆனால் இறுதிக் கட்டத்தின் தலைவர்களிடம் தோற்றவரை ஆறாவது அங்கத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவதை என்ன சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அது சவால் அல்ல, வெறும் தண்டனை.

‘ஜெல்டா 2’ வேறொரு கேள்வி கேட்கிறது. நாயகன் லிங்க் நின்றால் கேடயம் மேலே, குனிந்தால் கீழே, வெட்டும் அப்படியே. அரண்மனைகளில் எதிர்ப்படும் அயர்ன் நக்கிள் என்ற கவசவீரர்களுக்கும் இதே விதிதான். லிங்க் மேலே குத்தினால் அவர்கள் கேடயத்தை உயர்த்துவார்கள், கீழே குத்தினால் தாழ்த்துவார்கள். அவர்களும் மேலும் கீழுமாகத் திருப்பித் தாக்குவார்கள். பட்டனை அடித்து நொறுக்குபவர் இங்கே பிழைக்க மாட்டார். கேடயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஏமாற்றி, திறந்த இடத்தில் குத்த வேண்டும். தாவி இறங்கும்போது தலைமட்டத்தில் குத்துவது, ஊர் ஒன்றில் ஒளிந்திருக்கும் வீரனிடம் கற்றுக்கொள்ளும் கீழ்நோக்கிய குத்து என்று உத்திகளும் படிப்படியாகச் சேரும். ஜெல்டா வரிசையின் ஒவ்வாத பிள்ளையாகப் பலர் ஒதுக்கும் இந்த ஆட்டத்தில்தான், அந்த வரிசையின் 8 பிட் காலத்து வாள்சண்டை உச்சத்தைத் தொட்டது.

ஆனாலும் முதலிடம் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வுக்குத்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ‘கராத்தேகா’ என்ற ஆட்டத்தை எழுதி 1984இல் வெளியிட்டவர் ஜோர்டன் மெக்னர். அடுத்த ஆட்டத்துக்காகத் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்து வீடியோ எடுத்தார். டிவி திரையில் அதை நிறுத்தி நிறுத்திப் புகைப்படமெடுத்து, உருவத்தின் விளிம்பைக் கையால் வரைந்து, கணினிக்குள் ஏற்றினார். வாள்சண்டைக்கு மாதிரி கிடைத்தது 1938இல் வந்த ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்’ படத்தில். எரோல் ஃபிளினும் பேசில் ராத்போனும் மோதும் காட்சியில் இருவரும் சரியாகப் பக்கவாட்டில் தெரியும் சில விநாடிகள் உண்டு. அந்தச் சில விநாடிகளிலிருந்து பிறந்ததுதான் இளவரசனின் வாள்வீச்சு. மனித உடம்புக்கு எடை உண்டு என்பதை அந்த அசைவுகள் மறக்கவே இல்லை. ஓடுபவன் சட்டென நிற்க முடியாது, சறுக்கித்தான் நிற்பான். தாவினால் பாதியில் மனம் மாற முடியாது.

இளவரசன் ஆட்டத்தைத் தொடங்கும்போது வெறுங்கையோடு நிற்கிறான். வாளைச் சிறைக்குள் தேடி எடுத்த பிறகுதான் வாயிலில் நிற்கும் காவலனிடம் போக முடியும். எடுக்காமல் போனால் ஒரே வெட்டு. சண்டை தொடங்கியதும் ஓட்டமும் தாவலும் நின்றுவிடும். முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி, குத்து, தடுப்பு என்று நான்கே அசைவுகள். குத்து தவறினால் மார்பு திறந்து கிடக்கும். எதிரியின் குத்தைத் தடுத்த மறுகணம் திருப்பிக் குத்தினால் பலிக்கும். இரண்டு வாள்களும் உரசி மாறி மாறித் தடுத்துக்கொள்ளும்போது, ஆடுபவர் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார். மூன்றாவது கட்டத்தில் எழுந்து நிற்கும் எலும்புக்கூட்டை எத்தனை முறை குத்தினாலும் சாகாது. பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழச் செய்ய வேண்டும். வாளால் முடியாத வேலையும் உண்டு என்று ஆட்டம் அங்கேயே சொல்லிவிடுகிறது. இத்தனையும் 60 நிமிடக் கெடுவுக்குள்.

ஆப்பிள் 2 கணினியின் நினைவகம் போதாமல் மெக்னர் திண்டாடியபோது பிறந்தவன்தான் நிழல்மனிதன். புதிய எதிரிக்குப் படம் வைக்க இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன் மேலேயே பொருத்தியதும் மினுமினுக்கும் உருவமொன்று கிடைத்தது. கண்ணாடி ஒன்றை உடைத்துக்கொண்டு இளவரசன் தாவும்போது அந்த உருவம் பிரிந்து ஓடுகிறது. பிறகு அவன் குடிக்க வேண்டிய மருந்தைத் திருடுகிறது, அவன் முகத்துக்கு நேரே கதவை மூடுகிறது. கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. அதைக் குத்தினால் இளவரசனின் உயிரே குறையும். வாளை உறைக்குள் போட்டுவிட்டு நேரே நடந்துபோனால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

‘ஜெல்டா 2’ ஆட்டத்தின் கடைசி எதிரியும் லிங்கின் நிழல்தான். அங்கே நிழலைக் குத்தித்தான் வெல்ல வேண்டும். திரையின் இடது மூலையில் குனிந்து உட்கார்ந்து குத்திக்கொண்டே இருந்தால் அது வீழ்ந்துவிடும் என்ற குறுக்குவழி உலகப் பிரசித்தம். இரண்டு ஆட்டங்களும் ஒரே எண்ணத்தைத் தொட்டன. ஒன்று அதை இன்னொரு சண்டையாக்கியது. மற்றொன்று அதுவரை ஆடுபவர் கற்ற அத்தனையையும் ஒரு கணம் கீழே வைக்கச் சொன்னது. முதலிடம் யாருக்கு என்ற தீர்ப்பு இந்த ஒரு காட்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

மறுப்பும் உண்டு. இளவரசன் மந்தமானவன், பட்டனை அழுத்தினால் உடனே கேட்பதில்லை என்பார்கள். அந்தத் தாமதம் நேர்மையானது. எப்போதும் ஒரே அளவில் இருக்கும். பழகியவரை ஒருநாளும் ஏமாற்றாது. கதை மெலிந்தது, இளவரசி மணற்கடிகாரத்தின் பக்கத்தில் காத்திருப்பதைத் தவிர எதுவும் செய்வதில்லை என்ற குறை நியாயமானது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் 1990களில் கணினி வகுப்புக்குப் போன பலருக்கு இந்த ஆட்டத்தின் டாஸ் பதிப்பு தெரிந்திருக்கும். ஃப்ளாப்பியில் கைமாறி வந்த ‘பிரின்ஸ்’ அது. பெயருக்குப் பின்னால் ‘மெகாஹிட்’ என்று தட்டச்சு செய்தால் கட்டங்களைத் தாண்டலாம் என்ற ரகசியமும் கூடவே கைமாறியது. அப்படித் தாண்டிப் போனவர்கள் நிழல்மனிதனின் கதையைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் இப்போது முதலிலிருந்து ஆடிப் பார்க்கலாம்.

இந்த நான்கு வாள்களின் வாரிசுகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. 2014இல் வந்த ‘ஷவல் நைட்’ ஆட்டத்தின் கீழ்நோக்கிய குத்து ‘ஜெல்டா 2’ வழி வந்தது. 2018இல் வந்த ‘தி மெஸெஞ்சர்’ நின்ஜா கைடனின் நேர் வாரிசு. நின்ஜா கைடனே 2025இல் ‘ரேஜ்பவுண்ட்’ என்ற புதிய பக்கவாட்டு ஆட்டமாகத் திரும்பியது. இவற்றை ஆடி மகிழ்பவர்கள் மூல ஆட்டங்களுக்கும் ஒரு மாலைப்பொழுது ஒதுக்குவது நல்லது.

அப்படி ஆடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது டிவி. பழைய பெட்டி டிவியில் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் அநேகமாக இல்லை. இன்றைய தட்டை டிவிகள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கின்றன. நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் சில படங்கள் தாமதமானாலே தடுப்பு தவறிவிடும். டிவி அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஆட வேண்டும். ஆட்டத்தைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதுதான் நியாயம்.

இரண்டாவது, பின்னோக்கி ஓட்டும் வசதி. இன்றைய மறுவெளியீடுகள் பலவற்றில் தவறியதும் சில விநாடிகள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளலாம். 2003இல் வந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்திலும் இளவரசன் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினான். ஆனால் அதற்கு மணல் செலவாகும், மணல் தீர்ந்தால் தவறு தவறுதான். இலவசமாகக் கிடைக்கும் பின்னோட்டம் அப்படியல்ல. நின்ஜா கைடனின் ஆறாவது அங்கத்தில் அது பாவமில்லை, அந்த அநியாயத் தண்டனைக்கு அது பரிகாரம்தான். விரல் மெதுவாக இயங்குபவர்களுக்கும் நேரம் குறைவாக இருப்பவர்களுக்கும் அது பேருதவி. ‘பிரின்ஸ்’ ஆட்டத்தின் வாள்சண்டையில் மட்டும் அதைத் தொடக்கூடாது. தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்றால் அங்கே எதிரியைப் பார்க்க வேண்டிய அவசியமே போய்விடும்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, அடுத்து ‘ஜெல்டா 2’, மூன்றாவது ‘நின்ஜா கைடன்’, நான்காவது ‘ஸ்ட்ரைடர்’. மாற்றுக் கருத்துள்ளவர்கள் முதல் கட்டத்தில் வாளைத் தேடி எடுத்து, வாயில் காவலனை ஒருமுறை பின்னோட்டம் இல்லாமல் வென்றுவிட்டு வந்து வாதிடட்டும்.