விடுதலை வந்தது, உறக்கம் வரவில்லை!

"மீனவர் விடுதலை" என்று கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. எத்தனை பேர் பிடிபட்டனர், எத்தனை நாள் சிறையில் கிடந்தனர், எத்தனை படகு பறிபோயிற்று, டில்லிக்கு யார் கடிதம் எழுதினார், விமான நிலையத்தில் யார் சால்வை போர்த்தினார் என எல்லாம் அச்சாகிறது. அதோடு செய்தி முடிகிறது. வேனில் ஏறிக் கோட்டைப்பட்டினம் வந்து சேர்ந்த அந்த மனிதன் அன்றிரவு உறங்கினானா என்று கேட்பார் இல்லை.

தோழர்களே, அதைத்தான் நாம் கேட்கிறோம்.

கோட்டைப்பட்டினமும் பக்கத்து ஜெகதாப்பட்டினமும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடல்வாசல்கள். எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் நெடுந்தீவு. 2021 சனவரி 18-ஆம் நாள் கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகு, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதுண்டு மூழ்கியது. நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருவர், இலங்கையில் வாழ வழியின்றி இங்கே தஞ்சம் புகுந்த தமிழர்! தப்பியோட முயன்ற படகு தானே மோதியது என்றது கடற்படை. இடித்து மூழ்கடித்தார்கள் என்றனர் நம் மீனவர். அந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் கோட்டைப்பட்டினத்துப் படகு, மீண்டும் மோதல். ஒருவர் பலி, இருவர் சிறைப்பிடிப்பு. 2024 செப்டம்பரில் இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடம் மீனவர் ஐவர், சிறையில் தங்களுக்கு மொட்டை அடித்தார்கள் என்று கரை வந்து சொன்னார்கள். தலைமயிர் மூன்றே மாதத்தில் முளைத்துவிடும். தலைகுனிவு எப்போது நிமிரும்?

பிடிபட்டவன் அச்சம் மட்டும் கொண்டு வருவதில்லை. நள்ளிரவில் தெருவில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் பாயிலிருந்து துள்ளி எழுகிறான். காக்கிச் சட்டையைக் கண்டால் வியர்க்கிறது. பிள்ளை அழுதால் எரிந்து விழுகிறான். செத்த கூட்டாளியின் முகம், சோற்றுத் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே வந்து நிற்கிறது. இதற்கு மருத்துவ நூலில் பெயர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் ஓயாமல் போராடிய பிறகு, 1980-இல்தான் அந்நாட்டு மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப்பட்டியலில் அதை ஏற்றினார்கள். பட்டியலில் ஒரு வரி இடம்பெறவே கிளர்ச்சி வேண்டியிருந்தது!

நம் ஊரில் பெயர் வேறு. "கடலில் பயந்துவிட்டான்" என்பார்கள். "காற்றுக் கருப்பு அண்டிவிட்டது" என்பார்கள். கயிறு கட்டுவார்கள், ராவுத்தர் அப்பா தர்காவுக்கு அழைத்துப் போவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது புட்டி. மனநல மருத்துவரிடம் போ என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீறுவான். ஏன் சீறமாட்டான்? கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி, திரைப்படத்தில் சிரிப்பு மூட்டிய நாடல்லவா இது!

மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. நாம் வாதாட வந்தது அதற்கடுத்த கேள்விக்கு. காயம்பட்டவன் எதிரில் உட்காரும்போது, ஆற்ற வந்தவர் அவனை யாராகப் பார்க்கிறார்?

படகில் கூலிக்குப் போகும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வலை பின்னுவதில் சூரன். ஒரு கண்ணி பிசகாது. ஆனால் யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டான். கேட்ட கேள்விக்கு உடனே விடை வராது. நாலு பேர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொள்வான். "ஒரு மாதிரியான பையன்" என்று ஊர் சொல்லும். மூளையின் அமைப்பே வேறானவர்கள் இவர்கள். ஆட்டிசம் என்கிறார்களே, அது அவ்வகைகளுள் ஒன்று. அது குழந்தையோடு தீர்ந்துபோவதில்லை. குழந்தை வளர்ந்து ஆளானபின்பும் உடன் இருப்பது. இவனைச் சீருடைக்காரன் விளக்கொளியில் நிறுத்திப் பெயர் கேட்கிறான். விடை தாமதமாகிறது. "திமிரா?" என்று அடி விழுகிறது. மற்றவனுக்குக் கடல் தந்த காயம் ஒன்று என்றால், இவனுக்குக் காயத்தின்மேல் காயம்: இவன் இவனாக இருந்ததற்கே தண்டனை!

ஊர் திரும்பியபின் ஆற்றுப்படுத்துகிறேன் என்று வருகிறவரும், "என் கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, நாலு பேரைப் போல இரு" என்று தொடங்கினால் என்ன ஆகும்? அடித்தவன் சொன்னதையே அன்பாகச் சொன்னதாகும். தம் இயல்பை மறைத்து, ஊருக்காக முகமூடி மாட்டி வாழும் ஆட்டிசக்காரர்களிடம் தற்கொலை எண்ணம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருக்க, முகமூடியை இன்னும் இறுக்கிக் கட்டுவதா சிகிச்சை? அவனுக்கேற்ற முறை வேறு. அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லவேண்டும். இரைச்சலில்லாத இடம் வேண்டும். பேச்சு வராவிட்டால் எழுதட்டும், வரையட்டும். கையில் வலைநூலைக் கொடுத்தால் பின்னிக்கொண்டே பேசுவான். கண்ணைப் பார்க்கவேண்டியதில்லை.

(அரசுத் தாள்களில் இவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதுகிற வழக்கம் ஒன்று உண்டு. புற உலகம் இவர்களைச் சிந்திக்கவில்லை என்பதல்லவா உண்மை? "மாற்றுத்திறனாளி" என்றும் "திருநங்கை" என்றும் சொல் தந்து, வசைச்சொற்களைக் குப்பைக்கு அனுப்பியவர் கலைஞர். 2008-இல் திருநங்கையர்க்கு நல வாரியமும் கண்டார். இவர்களுக்கும் நல்ல தமிழ்ச்சொல் ஒன்றைத் தேடித் தருவது நம் கடன்.)

இயல்பை மாற்றாதே, காயத்தை ஆற்று என்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான புதுச்சரக்கு என்று எண்ணவேண்டாம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கிய சாதியை வெட்டி எறியச் சொன்னதே, அது என்ன? "இழிந்தவன்" என்று ஆயிரம் ஆண்டு சொல்லிச் சொல்லி, அவனே அதை நம்பும்படி செய்துவிட்டிருந்தார்கள். குறை உன்னிடம் இல்லையடா, உன்னை மிதித்தவனிடம் இருக்கிறது என்று பெரியார் சொன்னபோது குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. மருத்துவர் அதை இன்று சிகிச்சை என்கிறார்; நாம் தன்மானம் என்றோம்.

இதைச் செய்து பார்த்த ஒரு மருத்துவரின் கதை நம் தோழர்களுக்குத் தெரியவேண்டும். பெயர் ஃபிரான்ஸ் ஃபனான். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். 1953-இல், பிரெஞ்சுக்காரன் பிடியிலிருந்த அல்ஜீரியாவில், பிளிடா என்ற ஊரின் மனநல மருத்துவமனைக்கு வந்தார். ஐரோப்பியப் பெண்கள் இருந்த பகுதியில் கூட்டம், விழா, ஏடு என்று புதுமுறை புகுத்தினார்; நோயாளிகள் தெளிந்தனர். அதே முறையை உள்நாட்டு முசுலிம் ஆண்களிடம் கொண்டுபோனார். படுதோல்வி! ஒருவரும் வாய்திறக்கவில்லை. "இவர்கள் புத்தியே இப்படித்தான்" என்று அங்கிருந்த வெள்ளை மருத்துவ உலகம் முன்பே எழுதி வைத்திருந்தது. ஃபனான் அப்படிச் சொல்லவில்லை. முறைதான் பிழை என்றார். அம்மக்கள் ஊரில் கூடும் காப்பிக்கடையைப் போலவே மருத்துவமனைக்குள் ஒன்று திறந்தார். அவர்கள் பண்டிகையைக் கொண்டாடினார். கதை சொல்லியை வரவழைத்தார். ஊமையர் என்று நினைத்தவர்கள் பேசத் தொடங்கினர். 1956-இல் அந்த வேலையையும் உதறினார். மனிதனை அவன் சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கும் ஆட்சியின்கீழ், மருத்துவம் மட்டும் அவனை ஆற்றிவிடாது என்று கண்டு விடுதலைப் போராளிகளோடு சேர்ந்தார்.

பகுத்தறிவாளர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் கசக்கும். தர்காவுக்கு ஓடுகிறவனை "மூடனே!" என்று விரட்டிவிட்டு அவன் மனத்தை ஆற்ற முடியாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இதே கடற்கரையில் தெற்கே ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் மாண்டார்கள். சங்கிலியால் கட்டியிருந்தார்கள், ஓட முடியவில்லை! அந்தச் சங்கிலியைப் பூட்டியது தொழுகையல்ல. நோயாளியை மனிதனாக எண்ணாத மனமும், அதில் காசு பார்த்த வணிகமும். பின்னாளில் அதே ஏர்வாடித் தர்கா பக்கத்தில், தொழுகையைத் தடுக்காமல் மருந்தும் கொடுக்கிற ஏற்பாட்டை அரசு செய்தது. நம்பிக்கையைப் பற்றி அவனோடு வாதாட நமக்கு மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது. நோய்ப்படுக்கை அதற்கு இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சாதி, மதம், பாலினம், பாலியல் நாட்டம், வர்க்கம், உடற்குறை எதன் பேராலும் வேறுபாடு காட்டாத சிகிச்சையை உரிமை ஆக்கியது. 2021 சூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு இன்னும் ஒருபடி மேலே போனது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரு பெண்களின் வழக்கு அது. தீர்ப்பெழுதுமுன் நீதிபதி தாமே உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார்! ஒருவரின் பாலியல் நாட்டத்தை "மாற்றுகிறேன்" என்று மருத்துவம் செய்வதற்குத் தடை விதித்தார். மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. கொள்கை வென்றுவிட்டது, கோட்டைப்பட்டினத்துக் கரைக்கு வரவேண்டியதுதான் மீதி.

இந்த மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி கடலோரத்தோடு நிற்பதுமில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. யார் செய்தது என்பது வழக்காயிற்று, வாதமாயிற்று, அரசியலாயிற்று. அந்தத் தண்ணீரைக் குடித்த தாய் அதற்குப் பிறகு ஒவ்வொரு குவளையையும் எப்படிப் பார்த்திருப்பாள்? "மறந்துவிடு அம்மா" என்பவர் அவளுக்கு மருத்துவராக முடியுமா? நடந்தது கொடுமை என்று முதலில் ஒப்புக்கொள்கிறவர்தானே ஆற்ற முடியும்!

சூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1992-இல் எழுதிய நூலில் மூன்று கட்டம் சொல்கிறார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததைச் சொல்லி அழுவது, பிறகு மக்களோடு மீண்டும் சேர்வது. முதற்கட்டத்திலேயே நம் மீனவன் கதை முட்டுகிறது. போன வாரம் விடுதலையானவன் வரும் வாரம் அதே நீரில் இறங்கவேண்டும், கடன் காத்திருக்கிறது. ஆகவே எல்லைத் தகராறைத் தீர்க்காமல் ஆற்றுநரை மட்டும் அனுப்புவது ஓட்டைப் படகில் நீர் இறைப்பது. இழுவைமடி சிக்கலும் தீரவேண்டும். அக்கரையில் போரால் சிதைந்து, 2009-க்குப் பின் மெல்லத் தொழிலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண மீனவனும் தமிழன்தான், அவன் வலை கிழிந்தாலும் காயம் காயம்தான்.

அதுவரை கைகட்டி இருக்கவும் முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்கிறார். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் பேருந்து ஏறி, "நான் மனநோயாளி" என்று வரிசையில் நிற்பவன் எத்தனை பேர்? மருத்துவர் இங்கே வரட்டும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. போகாத நாள் ஒன்றில் மீன்பிடி தளத்துக்கே வரட்டும். விடுதலையாகி வருகிறவனுக்கு உடல் பரிசோதனையோடு இதுவும் சேரட்டும். வருகிற ஆற்றுநர்களில் மீனவக் குடும்பத்துப் பெண்ணும் இருக்கட்டும், திருநங்கையும் இருக்கட்டும், தாழ்த்தப்பட்ட தெருவில் பிறந்தவரும் இருக்கட்டும். பயிற்சி கொடுத்தால் வராத கலையா அது?

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆளெல்லாம் ஊரில். கடலோரக் கிளைகளில் படிப்பகம் வைத்திருக்கும் தோழர்கள் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கு இப்போதே மனு எழுதட்டும்: வாரம் ஒரு மாலை, படிப்பகத்தின் பின் அறை, இரண்டு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. வாசலில் "மனநோய்" என்று பலகை மாட்டவேண்டாம். வலை பின்னுகிறவன் வலையோடு உள்ளே வரட்டும்.