கோர்டன் ஃப்ரீமன் ஆரை விடுதலை செய்தவர்?

பழைய கேம் ஒண்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா உடனே ரெண்டு குரல் வரும். ஒண்டு, "கிராபிக்ஸைப் பாத்தியா மச்சான், இதை இப்ப ஆர் விளையாடுறது?" மற்றது, "அந்தக் காலத்தில இது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமோ? அதில போய்க் குறை பிடிக்கிறாய்." பாத்தா எதிரெதிர்க் கட்சி மாதிரி இருக்கும். ஆனா ரெண்டும் செய்யிறது ஒரே வேலை. அந்தக் கேம் எங்களுக்கு என்ன சொல்லுது எண்ட கேள்வியைக் கேக்க விடாமல் தடுக்கிறது. நாவலை அச்சுத்தாளின்ர தரத்தை வச்சு ஆரும் மதிப்பிடுறேல்ல. பழைய படத்தைக் கறுப்பு வெள்ளை எண்டு தூக்கி எறியிறதும் இல்ல, பழசு எண்டதுக்காக மன்னிச்சு விடுறதும் இல்ல. கேமுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனையும் இந்தச் சலுகையும்?

ஹாஃப்-லைஃப் 2 ஐ எடுப்பம். வால்வ் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. மெட்டாகிரிட்டிக்கில் 96 புள்ளி. 2024 இல் இருபதாவது ஆண்டுக்காகப் புதுப்பிப்பு வந்தபோது பழைய புகழாரங்களும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டன. அடக்குமுறைக்கு எதிரான மக்கள் எழுச்சியின் கதை எண்டுதான் இதைப் பலரும் கொண்டாடுகினம். நான் சொல்லுறது வேற. இதன் முதல் அரை மணித்தியாலம், ஆக்கிரமிப்பின் கீழ் வாழுறது எப்பிடி எண்டதைக் கேம்கள் சொன்னதிலேயே மிகச் சிறந்த பகுதிகளில் ஒண்டு. மிச்சம் 12 மணித்தியாலம் அந்த அரை மணித்தியாலத்துக்குச் செய்த துரோகம்.

முதலில் நல்லதைச் சொல்லுவம். ரயில் வந்து நிக்குது. பெரிய திரையில டொக்டர் ப்ரீன் எல்லாரையும் அன்பாக வரவேற்கிறார். வேற்றுக்கிரகப் படை ஏழே மணித்தியாலத்தில பூமியைத் தோற்கடித்த பிறகு, சரணடைவைப் பேசி முடித்து நிர்வாகி ஆனவர் அவர். கீழே ஒரே நிற உடுப்பில சனம், கம்பி வேலி, முகமூடி போட்ட பொலிஸ். ஒருத்தர் கிட்ட வந்து, தண்ணியைக் குடிக்காதே, மறக்கப் பண்ணுற ஏதோ கலந்திருக்கினம் எண்டு மெல்லச் சொல்லுறார். வேலியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு பெண் நிக்கிறா. விசாரணைக்கு எண்டு ரயிலை மறிச்சு மனுசனை இறக்கினவையாம், அடுத்த ரயிலில வருவார் எண்டு சொன்னவையாம். எங்கட வீடுகளில இதுக்கு விளக்கவுரை தேவையில்ல.

பிறகு அந்தத் தகரப் பேணி. ஒரு பொலிஸ்காரன் வெறும் பேணியைத் தட்டிக் கீழ விழுத்திப்போட்டு, எடுத்துக் குப்பைத்தொட்டியில போடு எண்டு கட்டளையிடுறான். நீங்கள் போடலாம், அவன் சிரிச்சு வழி விடுவான். அவனுக்கே எறியலாம், பொல்லைத் தூக்கிக்கொண்டு வருவான். கையில ஆயுதம் இல்ல. அதிகாரம் எண்டது பெரிய கோட்டையில இல்ல, இந்தப் பேணியிலதான் இருக்கு எண்டு உங்கட விரலுக்கே விளங்கும். இதை எந்த நாவலும் இந்த மாதிரிச் சொல்ல ஏலாது. கேமின்ர பலம் அதுதான்: வாசிக்க வைக்கிறதில்ல, செய்ய வைக்குது.

அப்ப அதே அளவுகோலை மிச்சத்துக்கும் வைக்க வேணும். பிறகு எங்களை என்ன செய்ய வைக்குது?

இடையில, மணலுக்குள்ளால கிளம்பி வாற ஆன்ட்லயன் எண்ட பூச்சிகள் வரும். அதில பெரிய ஒண்டைக் கொண்ட பிறகு உங்களுக்கு ஒரு வாசனை உறுப்புக் கிடைக்கும். அதை எறிஞ்ச இடத்துக்குப் பூச்சிகள் பாயும். நோவா ப்ரொஸ்பெக்ட் சிறைக்குள்ள அதுகளை ஏவி விட்டுப்போட்டு நீங்கள் பின்னால நடக்கலாம். சாகச் சாகப் புதுசு வரும். நல்ல வேடிக்கைதான், மறுக்கேல்ல.

அதுக்குப் பிறகு நகரத்தில எழுச்சி தொடங்குது. சனம் துவக்கோட தெருவுக்கு வருது. வந்து என்ன செய்யுது? உங்களுக்குப் பின்னால ஓடுது. ஒரு பொத்தானை அமுக்கினா சொன்ன இடத்துக்குப் போய்ச் சாகுது. காயத்துக்கு மருந்தும் தோட்டாவும் தருது. வழியில நிண்டால் மன்னிப்பும் கேக்குது. செத்தால் வேற ஆக்கள் வந்து சேருவினம். பூச்சிக்கும் சனத்துக்கும் ஒரே விதி! அந்த அத்தியாயத்தின்ர பெயரே "ஃப்ரீமனைப் பின்தொடருங்கள்". ஆனா அலிக்ஸ் செத்தால் கேம் நிண்டுபோகும், தோல்வி எண்டு அறிவிக்கும். பெயர் உள்ளவையின்ர சாவுதான் சாவு. பெயரில்லாதவையின்ரது செலவுக் கணக்கு.

"கேம் தானே, சுட்டுப்போட்டுப் போறதுக்கு என்ன அரசியல்?" எண்டு கேப்பியள். அந்தப் பேணியை வச்சது நானில்ல. அரசியலைத் தொடக்கினது கேம். தொடக்கினதை முடிக்கச் சொல்லித்தான் கேக்கிறன்.

இன்னும் கெட்டித்தனமான பதில் ஒண்டு இருக்கு. கடைசியில ஜி-மேன் வந்து நேரத்தை நிறுத்தி, ஃப்ரீமனின்ர சேவைக்குக் கேள்வி இருக்கு எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போறார். ஃப்ரீமனும் ஒரு கூலிதான் எண்டு கேமே ஒத்துக்கொள்ளுது, அது தன்னைத்தானே விமர்சிக்குது எண்டு சொல்லுவினம். 12 மணித்தியாலம் கையால செய்ய வைத்ததை ரெண்டு நிமிசப் பேச்சால அழிக்க ஏலாது. அதைவிட, இவ்வளவத்தையும் அழிச்சாயே, எதையாவது உருவாக்கினியா எண்டு ஃப்ரீமனிட்டக் கேக்கிறது ஆர்? ப்ரீன். கேமின்ர மிக நேர்மையான கேள்வியைக் காட்டிக்குடுத்தவனின்ர வாயில வச்சுப்போட்டு, எங்கட ஆளை வாய் பேசாதவராக வச்சிருக்கினம். பதில் சொல்லத் தேவையில்லாத வீரன்!

வேற மாதிரிச் செய்ய ஏலாதோ? ஏலும். 2014 இல் வந்த திஸ் வோர் ஒஃப் மைன், சரயேவோ முற்றுகையை மனசில வச்சு, சண்டைக்குள்ள அகப்பட்ட சாதாரண சனத்தை விளையாட வைத்தது. அதில ஒருத்தர் செத்தால் வீட்டில மிச்ச ஆக்கள் உடைஞ்சு போவினம். தொழில்நுட்பம் போதாது எண்ட சாட்டும் இங்க எடுபடாது. பேணியை விழுத்துறதுக்கு இருந்த தொழில்நுட்பம் 2004 இலேயே இருந்ததுதான்.

ஆகவே, விளையாடாதேங்கோ எண்டு சொல்லேல்ல. கட்டாயம் விளையாடுங்கோ. விக்டர் அன்டோனோவ் தான் பிறந்த சோபியா நகரின்ர சாயலில கட்டின அந்தத் தெருக்களில நடவுங்கோ. ரேவன்ஹோமில ஈர்ப்புத் துவக்கால வாள்தகடு எறிஞ்சு பாருங்கோ. ஆனா 'மக்கள் எழுச்சியின் காவியம்' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஒரு மீட்பர் வருவார், சனம் பின்னால போய்ச் சாகும், அதுக்குப் பெயர் விடுதலை எண்ட கதை எங்களுக்கு ஒண்டும் புதுசில்ல. அதைப் புரட்சி எண்டு திரும்பவும் கைதட்டி வாங்க வேண்டிய தேவையும் இல்ல.

வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட அந்தப் பெண்ணின்ர மனுசன் அடுத்த ரயிலில வந்தாரோ? கேம் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. 96 புள்ளி போட்டவையும் கேக்கேல்ல.