கள்ளியெல்லாம் ஒன்றல்ல

மரக்காணத்து உப்பளக் கரைக்குத் தெற்கே, ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற மாகாளத் தலமாகிய இரும்பையைச் சூழ்ந்த செம்மண் பூமியில், பருத்த தண்டும் முள்ளும் உடைய செடி எதுவாயினும் அதற்குக் கள்ளி என்று பொதுப்பெயரிட்டு, வேலி திருத்தும்போதும் மனை பிரிக்கும்போதும் எல்லாவற்றையும் ஒருங்கே வேரோடு களைந்தெறிவது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். சதுரக்கள்ளி இந்த மண்ணுக்கே உரிய சுதேசச் செடி. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. முள் ஒன்றைத் தவிர இவ்விரண்டுக்கும் உறவே இல்லை.

இவற்றைப் பிரித்தறிவது கடினமான வித்தையுமன்று. திண்டிவனம் கடந்து செஞ்சிப் பக்கம் செல்வோர் காணும் வறண்ட குன்றுச் சரிவுகளில், பாறை இடுக்கே போதுமென்று நிமிர்ந்து வளரும் சதுரக்கள்ளியின் தண்டு மூன்று முதல் ஐந்து பட்டைகள் உடையது. அதன் விளிம்பு நெடுக முட்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்பவை. தண்டு கீறுண்டால் வெண்ணிறப் பால் பெருகும். சப்பாத்தியிலோ தட்டையான மடல்களும், கொத்துக் கொத்தான முட்களும், பகட்டான மலரும், செந்நிறச் சதைக்கனியும் காணலாமேயன்றிப் பாலைக் காண இயலாது. சதுரக்கள்ளியின் காய் மும்மடிப்பாய் உலர்ந்து வெடிப்பது. அவ்வாறு கள்ளிக்காய் வெடிக்கும் ஓசைக்குப் புறா இணை அஞ்சி நீங்குவதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் பாலை வருணனையில் அமைத்திருக்கிறார். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய அப்பாடலில் சப்பாத்திக்கு இடமேது?

இவ்விஷயத்தில் பாமரரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. மலையாளக் கரையின் செடிகளை வான் ரீடு தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் நூலில் இடம்பெற்ற சதுரக்கள்ளிக்கு 1753இல் சாஸ்திரப் பெயர் சூட்டிய லின்னேயஸே, பண்டைய கிரேக்க வைத்தியர் கையாண்ட பிசின் இதிலிருந்துதான் கிடைத்தது என்று கருதினார். அப்பிசினைத் தந்ததோ மொராக்கோ மலைகளில் வளரும் வேறொரு கள்ளி. ஆனால் 1926இல், தென்னாட்டு வயல்களையும் தரிசுகளையும் விழுங்கிக்கொண்டிருந்த சப்பாத்தியை அடக்க இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட செந்நிறச் சாயப்பூச்சி இனம், அச்செடியை அழித்ததேயொழிய, நம் சதுரக்கள்ளியைத் தீண்டவில்லை. அற்பப் பூச்சிக்குப் புலப்பட்ட வேற்றுமை மனிதருக்குப் புலப்படாதிருப்பது நம் அறிவுக்கு அழகாகுமா?

கள்ளிப்பால் பட்ட கண் கடும் வேதனைக்கு உள்ளாகும் என்பதும், பெண்சிசுவைக் கொல்ல அதைப் பயன்படுத்திய கொடுமையால் அச்செடியின் பெயரே கெட்டது என்பதும் உண்மையே. எனினும் மனிதர் செய்த பாவத்திற்குச் செடியைத் தண்டிப்பது தர்மமன்று. நீரற்ற சரிவில் வேரூன்றி நின்று, ஆடு மாடுகள் மேயாத தன் முள்ளின் காவலில் இளஞ்செடிகளையும் வளரவிடுகிற உபகாரத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே, புதுவையில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் உலர்செடித் தொகுப்புகள் இருக்க, அவற்றின் துணைகொண்டு நம் ஆசிரியர்கள் மாணவர்களை அருகிலுள்ள குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, பாலில் கை படாதவாறு எச்சரித்து, பட்டையையும் முள்ளையும் காயையும் காட்டிக் கற்பிக்க வேண்டும். நிலம் திருத்துவோரும் வெட்டுமுன் இன்ன கள்ளி என்று தெரிந்துகொண்டு, அந்நியச் சப்பாத்தியை அகற்றி, சுதேசக் கள்ளியை விட்டுவைப்பாராக.