சம்பளம், வீடு, விசா: மூன்றும் ஒரே கையிலா?

வெள்ளைக்கார வாத்தியார் வெளிநாட்டில் ராஜா மாதிரி இருப்பார் என்றுதான் நாம் நினைக்கிறோம். கோட்டு, டை, கை நிறையச் சம்பளம், குடியிருக்கக் கம்பெனி வீடு. அவருக்கு என்ன குறைச்சல்?

குறைச்சல் இருக்கிறது. ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போன அமெரிக்கர், ஆங்கிலேயர், கனடாக்காரர், ஆஸ்திரேலியர் பட்ட பாட்டைக் கேளுங்கள். வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் நம்ம ஊர் கொத்தனார் கதை மாதிரியே இருக்கிறது. தோலின் நிறம் வேறு, படிப்பு வேறு. மாட்டிக்கொள்ளும் பொறி மட்டும் ஒன்று.

என்ன பொறி? சம்பளம் கொடுப்பவர், வீடு கொடுப்பவர், விசாவுக்குக் கையெழுத்துப் போடுபவர் எல்லாம் ஒரே ஆள். அவரிடம் "காண்டிராக்டில் இப்படி இல்லையே" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மூன்றும் ஒரே நாளில் போகும்!

முயல் பொம்மைக் கம்பெனி

ஜப்பானில் நோவா என்று ஓர் ஆங்கிலப் பயிற்சி கம்பெனி இருந்தது. 1981ம் ஆண்டு ஒசாகாவில் தொடங்கியது. ரோஸ் நிற முயல் பொம்மைதான் அதன் அடையாளம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லாம் கிளை. லட்சக்கணக்கில் மாணவர்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் மட்டும் சுமார் 4 ஆயிரம் பேர்.

கம்பெனியின் வியாபாரம் எப்படித் தெரியுமா? நூற்றுக்கணக்கான பாடங்களுக்கு மாணவரிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் புதுக் கிளை திறப்பார்கள். நடுவில் நின்றுகொள்கிறேன், மீதிப் பணத்தைக் கொடு என்று மாணவர் கேட்டால் ஒரு கணக்குச் சொல்லிக் குறைத்துக் கொடுப்பார்கள்.

2007 ஏப்ரலில், அந்தக் கணக்கு செல்லாது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜூன் மாதம், நீண்ட காலத்துக்குப் புது ஆள் சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் 6 மாதத் தடை போட்டது. புதுப் பணம் வருவது நின்றது. பழைய பணத்தைத் திருப்பிக் கேட்டு மாணவர்கள் வரிசை கட்டினார்கள்.

அடி யார் தலையில் விழுந்தது? வாத்தியார் தலையில்! முதலில் சம்பளம் தாமதம். அப்புறம் சம்பளமே இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 26ந் தேதி கம்பெனி கோர்ட்டில் போய்க் கையை விரித்தது. ஒரு மாதத்தில் திவால்.

இதைவிடக் கொடுமை வீட்டு விஷயம். பல ஆசிரியர்கள் கம்பெனி பிடித்துக் கொடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். மாதாமாதம் சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்டது கம்பெனி. பிடித்த பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்ததா? கொடுக்கவில்லை! ஒழுங்காக வாடகை கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்த வாத்தியார் வீட்டுக் கதவில் "காலி பண்ணு" நோட்டீஸ் தொங்கியது.

கையில் காசில்லாத ஆசிரியர்களுக்காக, சாப்பாடு போடுங்கள், பாடம் சொல்லித் தருகிறோம் என்று தொழிற்சங்கத்தார் ஏற்பாடு செய்தார்கள். உலகத்தில் பணக்கார நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே நடந்த கதை இது.

அதே வாரத்தில் கம்பெனித் தலைவர் நொசோமு சஹாஷியின் ஒசாகா அலுவலகத்தைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். உள்ளே கட்டில், நீராவிக் குளியல் அறை, தேநீர் விருந்துக்குத் தனி அறை! ஊழியர் நல நிதியில் 32 கோடி யென் கையாடல் செய்ததாக 2008 ஜூனில் அவர் கைதானார். 2009ம் ஆண்டு ஒசாகா கோர்ட் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. அப்பீலில் அது 2 ஆண்டாகக் குறைந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் விசா அந்த ஆசிரியர் பேரில் இருந்தது. கம்பெனி படுத்துவிட்டாலும் அவர் வேறு பள்ளிக்கூடத்தில் வேலை தேடலாம். திவாலான கம்பெனி ஊழியர்களின் சம்பளப் பாக்கியில் 80 சதவீதம் வரை முன்பணமாகக் கொடுக்கும் அரசுத் திட்டமும் அங்கே உண்டு. சம்பளமும் வீடும் போயின. நாட்டில் இருக்கும் உரிமை போகவில்லை. அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலர் கரையேறினார்கள்.

அந்தக் கயிறும் முதலாளி கையில் இருந்தால்? அதற்குத் தென் கொரியாவைப் பார்க்க வேண்டும்.

பதினோராம் மாதத்தில் சீட்டுக் கிழியும்!

கொரியாவில் ஹாக்வான் என்று தெருவுக்குத் தெரு தனியார் டியூஷன் கூடங்கள். அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வரும் வெளிநாட்டாருக்கு ஈ-2 என்று ஒரு விசா. வேலை கொடுப்பவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விசா அது. ஒப்பந்தம் முடியும் முன்பு வேறு இடத்துக்குப் போக வேண்டுமானால், பழைய முதலாளி "இவரை விடுவிக்கிறேன்" என்று கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லையேல் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு ஒப்பந்தம். ஓர் ஆண்டு முழுதாக முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது கொரியச் சட்டம். பத்து மாதம் "குட் டீச்சர்" என்று தட்டிக் கொடுத்த முதலாளி, பதினோராம் மாதம் "உனக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை" என்கிறார். சீட்டுக் கிழிகிறது. பணிக்கொடை மிச்சம்! அங்கே வெளிநாட்டு ஆசிரியர்கள் மத்தியில் பல காலமாகப் பேசப்படும் புகார் இது.

இன்னொரு தந்திரம். நீ என் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்று காகிதத்தில் எழுதிவிடுவது. சம்பளத்தில் 3.3 சதவீதம் வரி பிடித்தால் வேலை முடிந்தது. பென்ஷனில் முதலாளி பங்கு கிடையாது. மருத்துவ இன்சூரன்சில் பங்கு கிடையாது. ஆனால் காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தப் புத்தகம் நடத்த வேண்டும் என்று சொல்வது மட்டும் முதலாளி! 2015ம் ஆண்டில் கொரிய உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில், காகிதத்தில் எப்படி எழுதியிருந்தாலும் இந்த ஆசிரியர்கள் தொழிலாளர்கள்தான், பணிக்கொடை கொடு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தத் தந்திரம் ஒழியவில்லை.

சட்டம் தூங்குகிறதா?

இல்லை. சட்டம் நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு நீக்க 30 நாள் நோட்டீஸ், இல்லையேல் 30 நாள் சம்பளம். வேலை முடிந்த 14 நாளில் பாக்கியைத் தீர்க்க வேண்டும். "பாதியில் போனால் இவ்வளவு அபராதம்" என்று ஒப்பந்தத்தில் எழுதவே கூடாது. தொழிலாளர் துறைக்கு 1350 என்று ஒரு போன் நம்பரும் உண்டு.

பின்னே என்ன கஷ்டம்? புகார் கொடுக்கப் போகிறவர் நாளைக்கு அந்த நாட்டில் இருப்பாரா என்பதுதான் கஷ்டம்!

புகார் கொடுத்தால் விடுவிப்புக் கடிதம் கிடையாது என்கிறார் முதலாளி. வீட்டைக் காலி பண்ணு என்கிறார். "ஓடிப்போய்விட்டான் என்று குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பேன்" என்று மிரட்டுகிறார். அநியாயமாக நீக்கினார்கள் என்று முறையிடலாம் என்றால், 5 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கு அந்தப் பாதுகாப்பே இல்லை. சின்ன ஹாக்வான்கள் அங்கேயே தப்பித்துக்கொள்ளும்.

சரி, அடுத்து வருபவர்களையாவது எச்சரிப்போம் என்று நடந்ததை வெளியே சொன்னால்? கொரியாவில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்குப் போடலாம்! பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். இந்தச் சட்டம் செல்லும் என்று 2021ம் ஆண்டு அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏமாற்றியவர் கோர்ட்டுக்குப் போகிறார். ஏமாந்தவர் கூண்டில் நிற்கிறார்!

சம்பளப் பாக்கி வழக்கு நடத்தத் தங்குவதற்கு ஜி-1 என்று ஒரு விசா இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பொதுவாக அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. வழக்கு நடத்தலாம், சம்பாதிக்கக் கூடாது. அப்படியானால் சோற்றுக்கு என்ன செய்வார்? பலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். முதலாளிக்கு வேண்டியதும் அதுதானே!

முதலாளி பக்கம்

முதலாளிகளும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறோம், ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கிறோம், வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறோம். சம்பளம் வாங்கிய அன்று இரவே சொல்லாமல் ஓடிவிடுகிற வாத்தியார்களும் இருக்கிறார்களே என்கிறார்கள்.

உண்மைதான். அப்படி ஓடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை வகுப்பில் வாத்தியார் இல்லாமல் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது நல்ல காட்சி அல்ல. ஆனால் பலர் ஏன் இரவில் ஓடுகிறார்கள்? பகலில் சொல்லிவிட்டுப் போக வழி இல்லாததால்! கடிதம் கொடுத்து முறையாக விலகினால் வேறு வேலைக்குப் போகலாம் என்று இருந்தால், திருடன் மாதிரி யார் போவார்கள்? கதவைப் பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாகக் குதிக்கிறான் என்று குறை சொல்லக் கூடாது.

செய்ய வேண்டியது

விசா வேலை பார்ப்பவர் பேரில் இருக்க வேண்டும். முதலாளி நீக்கினாலும், கம்பெனி மூடினாலும், வேறு வேலை தேடச் சில மாதம் அவகாசம் வேண்டும். பழைய முதலாளியின் கடிதம் என்ற பேச்சே கூடாது. சீனாவில் 2021 ஜூலையில் அரசாங்கம் டியூஷன் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது. கம்பெனிகள் வரிசையாக மூடின. அங்கேயும் வேலை மாறப் பழைய கம்பெனியின் காகிதம் வேண்டும். மூடிய கம்பெனியில் யார் கையெழுத்துப் போடுவது?

இரண்டாவது, சம்பளத்தில் வாடகை பிடித்தால் வீட்டுக்காரர் ரசீது மாதாமாதம் குடியிருப்பவர் கைக்கு வர வேண்டும். நோவா தந்த பாடம் அது.

மூன்றாவது, சம்பளப் பாக்கி கேட்டுப் புகார் கொடுத்தவர், தீர்ப்பு வரும் வரை அந்த நாட்டில் தங்கவும் வேலை செய்யவும் அனுமதிக்க வேண்டும். அவரை அனுப்பிவிட்டு நடத்தும் விசாரணை யாருக்காக?

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். புறப்படும் முன் எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "நாளைக்கு உங்களோடு எனக்குத் தகராறு வந்தால், நான் எங்கே தூங்குவேன், யார் விசாவில் நிற்பேன்?"

பட்டம் வாங்கிய வெள்ளைக்காரரே ஜப்பானில் சாப்பாட்டுக்குப் பாடம் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர் நீட்டும் காண்டிராக்டில் கையெழுத்துப் போடாதீர்கள்!