தெருவுக்குத் தெரு பழைய பேப்பர் கடை... ஆனா மில்லுக்கு ஏன் அமெரிக்க அட்டை?

ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரும் அட்டைப் பெட்டியில், ஏற்கெனவே அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு முறை பெட்டியாக இருந்த நார் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பழுப்பு நிற கிராஃப்ட் பேப்பர் தயாரிக்கும் நம்ம ஊர் மில்கள் பல, வெளிநாட்டுப் பழைய அட்டையைக் கப்பலில் இறக்கித்தான் ஓடுகின்றன.

இங்கேயே பழைய பேப்பர் குவிந்து கிடக்கே, அப்புறம் எதுக்கு இறக்குமதி? அதற்கான பதில் மில்லின் முதல் மெஷினிலேயே கிடைக்கிறது.

மிக்ஸி மாதிரி... ஆனா மிக்ஸி இல்ல

அந்த மெஷினின் பெயர் ஹைட்ரா பல்ப்பர். பெரிய தொட்டி, அடியில் சுழலும் ரோட்டார். கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் கன்வேயரில் வந்து தண்ணீருக்குள் விழும். பார்க்க மிக்ஸி போல இருந்தாலும், இது பேப்பரை வெட்டக் கூடாது. நார் அறுந்தால் பேப்பரின் பலம் போச்சு. ஊறிய காகிதத்தை உரசி உரசி நார் நாராகப் பிரிப்பதுதான் இதன் வேலை. சாதாரண வகையில் 100 கிலோ கூழில் பேப்பர் சுமார் 4 முதல் 6 கிலோதான், மீதியெல்லாம் தண்ணீர்.

பேப்பரோடு வரும் கம்பி, துணி, பிளாஸ்டிக் கயிறு எல்லாம் சுழற்சியில் முறுக்கி, தடித்த வடம் மாதிரி ஆகிவிடும். அதை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே இருக்கும் அமைப்புக்கு 'ராகர்' என்று பெயர். கல், ஆணி போன்றவை அடியில் தங்கும். நார்க்கூழ் மட்டும் சல்லடைத் துளை வழியாக வெளியே போகும்.

அப்ப நம்ம பேப்பரில் என்ன குறை?

முதல் சிக்கல் நாரின் நீளம். கரும்புச் சக்கை, வைக்கோலில் செய்த பேப்பரில் நார் குட்டை. அமெரிக்க அட்டையில் பைன் போன்ற மரங்களின் நீள நார் இருக்கும். ஒரு நாரை 5 முதல் 7 முறை வரைதான் மறுசுழற்சி செய்யலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அது தேய்கிறது. பழைய அட்டையிலிருந்தே திரும்பத் திரும்பச் செய்த பெட்டியைக் கூழாக்கினால், மிஞ்சுவது பலமில்லாத தூள்தான்.

இன்னொன்று கலப்படம். டீ குடிக்கும் பேப்பர் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதைப் பிரிக்க நேரமும் தனி வசதியும் வேணும். இல்லாத மில்லில் பெரும்பாலும் கழிவாகத்தான் வெளியேறும். செலோ டேப், லேபிள் பசை அதைவிடத் தொல்லை. சூட்டில் இளகி, சல்லடையைத் தாண்டி, டிரையர் உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் பேப்பர் அறுந்து, மெஷினே நிற்கும்.

எண்ணெய் ஊறின பீட்சா பெட்டி பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

சீனா கதவை மூடியபோது

பல ஆண்டுகள் உலகின் பழைய பேப்பரை அதிகம் வாங்கியது சீனாதான். 2018-ல் கலப்புப் பேப்பருக்குத் தடை போட்டது. மற்ற வகைகளில் அசுத்தம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2021 ஜனவரி 1 முதல் திடக்கழிவு இறக்குமதியை மொத்தமாக நிறுத்தியது. தடுக்கப்பட்ட பேப்பரில் ஒரு பகுதி இந்தியா பக்கம் திரும்பியது.

விலை சரியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 2021-ல் அதிர்ச்சி. கன்டெய்னர் தட்டுப்பாட்டில் பழைய அட்டை விலை ஏற, கிராஃப்ட் பேப்பரும் ஏறியது. சிறிய பெட்டித் தயாரிப்பாளர்கள் திணறிப் போனார்கள்.

வந்த பேப்பரோடு பிளாஸ்டிக்கும் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரில், பேப்பர் மில்களின் பிளாஸ்டிக் கழிவு வெல்லம் காய்ச்சும் அடுப்புகளில் எரிக்கப்படுவதாகப் புகார் எழுந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பல்ப்பர் பிரித்துத் தருவதோடு சரி, பிரிந்த குப்பை எங்கே போகிறது என்பது மில்லின் கையில் இருக்கிறது.

உள்ளூர் பேப்பரே போதாதா?

பிரித்துக் கொடுத்தால் நிறையவே பயன்படும். கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழக அரசின் டி.என்.பி.எல். ஆலையில், நாளொன்றுக்கு 300 டன் திறனுள்ள மை நீக்கும் பிரிவு இருக்கிறது. எழுதிய, அச்சடித்த பேப்பர் அங்கே மறுபடி வெள்ளைக் கூழாகிறது.

பழைய பேப்பர் கடைக்காரர் அட்டையைத் தனியாக, நோட்டைத் தனியாக, நியூஸ் பேப்பரைத் தனியாக எடை போடுவது இதனால்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்தால், மட்டமான ரகத்தின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும்.