ஒரே தசை, மூணு எண்

நம்ம அம்மாமார் சர்க்கரை, பிரஷர் பத்தி விலாவாரியா சொல்வாங்க. மலம் அடக்க முடியலைங்கிறதை மட்டும் மறைச்சுடுவாங்க. பிரசவத்துல தசை கிழிஞ்சு, பல வருஷம் கழிச்சு வர்ற தொல்லையாவும் இது இருக்கும்.

ஆசனவாய்ச் சுருக்குத்தசையோட அழுத்தத்தை அளக்குற பரிசோதனைக்கு மேனோமெட்ரின்னு பேரு. மெல்லிய குழாய்ல தண்ணி கசியவிட்டு அளக்குறது பழைய முறை. வரிசையா சென்சார் வச்ச ஹை-ரெசல்யூஷன் குழாய் அழுத்தத்தை வண்ணப்படமாவே காட்டும்; விலையும் அதிகம். மூணாவது, காத்தடைச்ச முனையுள்ள கையடக்கக் கருவி.

மூணுமே மி.மீ. பாதரசக் கணக்குதான். ஆனா ஒரே ஆளுக்கு மூணு எண் வரலாம். வங்கிக்காரனா சொல்றேன்: ரூபாய்க்கும் திர்ஹாமுக்கும் மாற்று விகிதம் உண்டு, இதுக்குக் கிடையாது. சிகிச்சைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே கருவியில எடுங்க. கருவி மாறினதை 'நோய் முத்திடுச்சு'ன்னு எடுத்துக்காதீங்க.

விலை கூடினதுதான் நல்லதுன்னும் இல்லை. ஆபரேஷன் வரைக்கும் யோசிக்கிறவங்களுக்குப் பெரிய மெஷினோட விவரம் உதவும். ஆனா எங்க போனக்காடு தேயிலை லயத்துலேர்ந்து திருவனந்தபுரம் சுமார் 60 கி.மீ. அடக்க முடியாதவங்க அவ்வளவு தூரம் பஸ்ல எப்படிப் போவாங்க? விதுரா வரைக்குமாவது கையடக்கக் கருவி வரணும்ங்கிறது என் கட்சி.

அதுக்கும் முன்னாடி, டாக்டர் விரலால பார்த்தே நிறைய சொல்லிடுவார். சாப்பாட்டு மாற்றம், மருந்து, தசைப் பயிற்சியிலேயே பலருக்குக் குறையும். மகனுக்குக் கேட்கக் கூச்சமா இருந்தா மகளோ மருமகளோ கேட்கட்டும். ஆனா கேட்டுடுங்க.