உறுமல் குரலும் உபநிடதமும்: ஒரு மறுப்பு

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தமிழ் இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா என்னும் ஹெவி மெட்டல் குழு, 2005இல் ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2009இல் ‘டிரான்சென்டென்டல் ஐ’, 2011இல் ‘இம்மார்ட்டல் ஐ’ ஆகிய தொகுப்புகளைத் தொடர்ந்து தந்து, அத்வைத வேதாந்தத்தையே பொருளாகக் கொண்ட முத்தொகுப்பாக அதை நிறைவு செய்தது. தன் இசைக்கு ‘வேத மெட்டல்’ என்று அக்குழு பெயர் சூட்டிக்கொண்டது. இத்தகைய முயற்சி குறித்துத் தமிழ்ச் சூழலில் நிலவும் கருத்து பெரும்பாலும் மூன்று குற்றச்சாட்டுகளில் அடங்கிவிடுகிறது. அது இசையன்று, இரைச்சல் என்பது ஒன்று. புனிதமான பொருளை அதில் ஏற்றுவது நிந்தனை என்பது மற்றொன்று. எப்படியும் அது வசதி படைத்தோர் மேல்நாட்டைப் பார்த்து அடிக்கும் நகல் என்பது மூன்றாவது.

முதற்குற்றச்சாட்டு, ஒலியின் அளவையும் ஒலியின் ஒழுங்கையும் ஒன்றாகக் கொள்வதால் எழுவது. காரியாபட்டி, சிவகாசி வட்டாரத்து வாசகருக்கு இந்த வேறுபாட்டை விளக்கப் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுக்குத் தடை என்று விதி சொல்லும்போது அது அளவை மட்டுமே சொல்கிறது. தனி வெடி ஒன்று போடும் சத்தமும் சரவெடி ஓடும் ஓட்டமும் காதுக்கு ஏன் வேறாகப் படுகின்றன என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. மெட்டலில் கிதாரின் மின்னொலி, பெருக்கியின் தாங்குதிறனுக்கு மேல் ஏற்றப்பட்டு, வேண்டுமென்றே கரகரப்பாக்கப்படுகிறது. இது ‘டிஸ்டார்ஷன்’ எனப்படும். இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்து அடிக்கப்படும் பெருமுரசு அதற்குக் கீழே இடைவிடாத நடையை அமைக்கிறது. அந்த நடையில் ஓர் அடி பிசகினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பிசகு தெரியும் இடத்தில் ஒழுங்கு இருக்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது குற்றச்சாட்டே கனமானது. அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை: ஐரோப்பிய மெட்டலின் ஒரு பிரிவு கிறித்தவத்தை வெளிப்படையாக இகழ்ந்து வளர்ந்தது. ருத்ராவின் சொந்த ஊரான சிங்கப்பூரிலேயே 2019 மார்ச் மாதம் அப்பிரிவைச் சேர்ந்த வாட்டெய்ன் என்ற சுவீடன் குழுவின் நிகழ்ச்சி, மேடையேறுவதற்குச் சற்று முன்னர் அரசால் நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு பிரிவின் பொருளை வடிவம் முழுவதன்மேலும் சுமத்துவது நியாயமாகாது. ‘அஹம் பிரம்மாஸ்மி’ என்று பாடலுக்குப் பெயரிடும் குழு, எதையும் இகழவில்லை. போர்க்களத்து உரையாடலான கீதையையும், வாதமும் எதிர்வாதமுமாக நகரும் உபநிடதங்களையும் அவற்றின் மோதல் குணம் கெடாமல் ஒலிக்க முனைகிறது.

பக்தி என்றால் குழைவான குரல்தான் என்ற எண்ணம் கச்சேரி மேடைகளும் ஒலிநாடாக்களும் பழக்கியது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்கும் மாவட்டத்தில் அந்த எண்ணம் செல்லாது. உறுமி முழங்க, அருள் வந்து நிற்கும் சாமியாடியின் தொண்டையிலிருந்து வருவது இனிய குரலன்று. சொல் பாதி புரியாமல் போனாலும், நெற்றியில் திருநீறு வாங்கக் குனிந்து நிற்பவர் யாரும் அதை நிந்தனை என்று சொல்வதில்லை. மெட்டல் பாடகர், குரல் நாண்களுக்கு மேலேயுள்ள பொய்க் குரல்மடிப்புகளை அதிரச் செய்து எழுப்பும் ‘குரோல்’ என்னும் உறுமலும் ஓர் ஆளின் அன்றாடக் குரலை மறைப்பதற்கான உத்திதான். இரண்டும் ஒன்று என்பதில்லை. கரகரத்த குரல் புனிதத்துக்கு அந்நியமன்று என்ற அளவே இங்கு வேண்டியது.

அத்வைதம் மௌனத்தின் நெறியாயிற்றே, அதற்கு ஏன் இந்த முழக்கம் என்று கேட்கலாம். காரியாபட்டியை அடுத்த திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமணரின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை. 1896இல், பதினாறு வயதில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் திடீரென மரண பயம் பற்றிக்கொள்ள, உடலைப் பிணம்போல் விறைத்துக் கிடத்தி, சாவது எது என்று அவர் தம்மையே விசாரித்தார். அருணாசலத்து மௌனம் அதற்குப் பிறகு வந்தது. மரணத்தை நேருக்கு நேர் பார்ப்பது மெட்டலுக்குத் தொடக்கம் முதலே உரிய பொருள். பெரும்பாலான குழுக்கள் அச்சத்தோடு நின்றுவிடுகின்றன, ‘பிரம்மவித்யா’ முத்தொகுப்பு அச்சப்படுபவன் யார் என்ற கேள்விக்குச் செல்கிறது. அதன் தகுதி அங்கேதான் இருக்கிறது.

வசதி படைத்தோரின் நகல் என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஹெவி மெட்டலின் தொடக்கமாகக் கருதப்படும் பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காம் உலோகத்தகடு ஆலையில் வேலையின் கடைசி நாளன்று வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அழுத்தம் குறையட்டும் என மெல்லிய கம்பி கட்டி, பின்னர் சுருதியையும் இறக்கியதால்தான் அந்தக் கனத்த ஒலி பிறந்தது. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் விடியற்காலையில் வேன் ஏறும் ஊர்களுக்கு இந்த வரலாறு தொலைவானதன்று. நகல் என்ற வசையை வயலின் எப்போதோ கடந்துவிட்டது. மின்கிதாருக்கு மட்டும் தனி நீதி இருக்க முடியாது.

இம்மூன்றும் சொல்லாத ஒரு குறை உண்டு. அதற்கு மறுப்பும் இல்லை. ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இடையிடையே சமஸ்கிருதத்துடன் அமைந்தவை. அத்வைதத்தைத் தமிழிலேயே வாதிட்டுச் சொல்லும் தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’ இருக்கிறது; திருச்சுழிக்காரர் வெண்பாவில் எழுதிய ‘உள்ளது நாற்பது’ இருக்கிறது. வெண்பாவின் வெட்டும் நடைக்கும் இறுகிய தளைக்கும் மெட்டலின் தாளக்கட்டு ஒத்துவராது என்று யாரும் இன்னும் நிறுவிக் காட்டவில்லை. இரைச்சல், நிந்தனை என்று பேசுவோர் விமர்சிக்க வேண்டியது தமிழில் பாடாத இந்தக் குறையைத்தான்.